யார் பெயரில் ஓடியது?

கம்பைலருக்கு ஞாபகம் கிடையாது. நேற்றுக் கொடுத்த அதே கோப்பை, ஓர் எழுத்துக்கூட மாறாமல் இன்று மறுபடி கொடுத்தாலும் முதல் வரியிலிருந்தே தொடங்கும். சின்ன நிரலுக்கு இது பொருட்டல்ல. ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட சி++ திட்டத்தை ஒரு நாளில் பலர் பலமுறை கட்டும்போது, வேலை நேரத்தின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போய்விடும். அந்த ஞாபகத்தை வெளியிலிருந்து கொடுப்பதற்கென்றே ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 2002-இல் சிகேஷ் என்ற கருவியை எழுதினார். சாம்பாவையும் ஆர்சிங்கையும் தந்த அதே ஆஸ்திரேலியர்தான். எரிக் தீலே என்பவர் அதற்கு முன்பே ஷெல் நிரலாகச் செய்துவைத்திருந்த யோசனையை அவர் சி மொழியில் வேகமாக ஓடும்படி ஆக்கினார். 2010-இல் 3.0 பதிப்பு வந்தபோது பராமரிப்பு யோவெல் ரோஸ்டாலின் கைக்கு வந்திருந்தது.

கருவியின் வேலை எளிது. மூலநிரல், கம்பைலர், அதற்குக் கொடுத்த தெரிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீண்ட குறியெண்ணாகச் சுருக்கும். அந்தக் குறியெண்ணின் பெயரில் விடை ஏற்கனவே சேமிப்பில் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடும். இல்லையென்றால் கம்பைலரை ஓட்டி, வந்த விடையை அந்தப் பெயரில் வைத்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் பிடிக்கும் கட்டுமானம் இரண்டாம் முறை சில நிமிடங்களில் முடிவதைப் பார்ப்பவர்கள் இதை விட மாட்டார்கள். கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் நிறுவனத்திலும் அப்படித்தான். லினக்ஸ் ஓடும் சிறு பெட்டிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். அந்த மென்பொருளைக் கட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நான் இருப்பது செகிஞ்சானில். அப்பா பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை வெட்டியவர். அவர் வெட்டிய காலத்தில் ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கோலாலம்பூர் அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். ஆணை நீங்கிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். சர்வர் அங்கே, நான் இங்கே. திரையை நேரில் பார்க்க முடியாததால், யாராவது அழைத்துச் சொல்வதிலிருந்துதான் கோளாறைப் பிடிக்க வேண்டும். நேரில் இருந்தபோது கைக்கு முதலில் வந்தது கட்டளைகள். தொலைவில் இருந்தபோது முதலில் வந்தது கேள்விகள். அனுமதிக் கோளாறுகளுக்கு அதுதான் சரியான வரிசை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கோளாறில் திரையில் வருவது எப்போதும் ஒரே சிவப்பு வரி. இன்ன கோப்புக்குத் தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைட். கட்டுமானம் அதோடு நின்றுவிடும்.

தற்காலிகக் கோப்பு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். விடையை நேராகக் கடைசிப் பெயரிலேயே எழுதத் தொடங்கினால், பாதியில் மின்சாரம் போனாலோ யாராவது கன்ட்ரோல்-சி அழுத்தினாலோ அரைகுறைக் கோப்பு அந்தப் பெயரில் நின்றுவிடும். அடுத்து வருகிறவர் அதை முழு விடை என்று எடுத்துக்கொள்வார். அதனால் வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றுகிறார்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் ஒன்று முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. ஆகவே சேமிப்பில் வைக்கும் ஒவ்வொரு விடையும் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பாகவே பிறக்கிறது. அது பிறக்க வேண்டிய கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். கோப்பின் அனுமதியைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்பார்கள். புதிய கோப்பு உருவாக்குவதற்கும் பழையதைப் பெயர் மாற்றுவதற்கும் லினக்ஸ் பார்ப்பது கோப்பை அல்ல, அதைத் தாங்கும் கோப்புறையைத்தான்.

புக்கிட் ரோத்தானிலிருந்து வேலைக்கு வரும் தங்கச்சி ஒருத்தி எங்கள் குழுவில் இருக்கிறாள். ஒருநாள் காலையில் அழைத்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு ஃபைல்தாண்ணே விழுது. மத்ததெல்லாம் ஓடுது."

"அந்த ஃபைல்ல எதாச்சும் மாத்துனியா?"

"மாத்தலண்ணே. ஆனா வேண்டாத ஒரு வேரியபிள சேத்தா அதுவும் ஓடுது. எடுத்துட்டா திரும்ப விழுது."

கேட்பவருக்கு இது கம்பைலரின் கோளாறாகவே தோன்றும். எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. சிகேஷ் தன் சேமிப்பைக் குறியெண்ணின் முதல் எழுத்துகளை வைத்துப் பிரித்து அடுக்குகிறது. 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை 16 கோப்புறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மறுபடி அதே 16. இரண்டு அடுக்கில் 256 அறைகள். நிரலில் ஒரு வேரியபிள் சேர்ந்தால் குறியெண் முழுதாக மாறி விடை வேறோர் அறைக்குப் போகும். எடுத்துவிட்டால் பழைய அறைக்கே திரும்பும். ஆக, குற்றம் அவள் நிரலில் இல்லை. 256-இல் ஏதோ ஓர் அறை அவளுக்குப் பூட்டியிருக்கிறது.

"அந்த ஃபோல்டரோட ஓனர் நம்பர் என்னா?"

"1007."

"உன்னோடது?"

"1012."

"1007 யாரு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ராத்திரி பில்டு ஓட்டுபவரின் பெயரைச் சொன்னாள்.

எங்கள் சேமிப்பு எல்லாருக்கும் பொதுவானது. அதற்கென்று ஒரு குழு. கோப்புறைகளின் அனுமதி 2775. முன்னால் நிற்கும் 2 என்பது உள்ளே பிறக்கும் எதுவும் அதே குழுவைச் சேரட்டும் என்ற ஏற்பாடு. நடு 7 என்பது குழுவினர் எல்லாரும் எழுதலாம் என்பது. ஆனால் உள் அறைகள் எல்லாம் முதல் நாளே கட்டப்படுவதில்லை. எவருடைய விடை முதலில் அந்த அறைக்குப் போகிறதோ அவர் பெயரில்தான் அறை பிறக்கும். அப்போது அவருடைய யூமாஸ்க் என்னவோ அதன்படியே கதவும் அமையும். யூமாஸ்க் 002 என்றால் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கும். 022 என்றால் அறை 2755 ஆகிவிடும். குழு அதுவேதான், குழுவினர் பார்க்கலாம், எழுத முடியாது.

ராத்திரி பில்டு ஓட்டுபவரின் யூமாஸ்க்கும் 002 என்றே லாகின் அமைப்பில் எழுதியிருந்தது. பகலில் அவர் உட்கார்ந்து வேலை செய்தால் 002. ராத்திரியில் கிரான் அவர் பெயரில் ஓட்டும்போது லாகின் அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. அதனால் 022. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர் பெயரில் அறைகள் பூட்டிக்கொண்டே வந்தன. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவருடைய வேலை மட்டும் தடையில்லாமல் ஓடியது.

செகிஞ்சான் வயல்களுக்குத் தண்ணீர் பெர்ணம் ஆற்றிலிருந்து தெங்கி ஆறு வழியாக வாய்க்கால்களில் இறங்கி வருகிறது. கீழ் வயல் காய்ந்தால் இங்குள்ளவர்கள் கீழ் வயலில் மண்வெட்டியோடு நிற்பதில்லை. மேலே எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று பார்க்கப் போவார்கள். அனுமதிக் கோளாறும் இப்படித்தான். இன்று காலை விழுந்தவருக்கும் கோளாறுக்கும் சம்பந்தமே இருக்காது. நேற்று ராத்திரி வேறொருவர் பெயரில் நடந்த காரியம் அது. அதனால் என் முதல் கேள்வி என்ன விழுந்தது என்பதல்ல, யார் பெயரில் ஓடியது என்பதுதான்.

சரிசெய்தது சுருக்கமான வேலை. பூட்டிய அறைகளுக்குக் குழுவின் எழுதும் உரிமையைத் திரும்பக் கொடுத்தோம். பிறகு யூமாஸ்க்கை ஆட்களின் ஷெல்லில் விடாமல் சிகேஷின் சொந்த அமைப்புக் கோப்பிலேயே 002 என்று எழுதிவைத்தோம். அந்தக் கோப்பு சேமிப்புக்குள்ளேயே இருக்கிறது. கிரான் ஓட்டினாலும் ஆள் ஓட்டினாலும் சிகேஷ் அதைப் படிக்கும். இன்னொரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். தற்காலிகக் கோப்பை உருவாக்க லினக்ஸ் தரும் வழக்கமான வழி எம்கேஸ்டெம்ப். அது எப்போதும் 0600 என்றுதான் கோப்பைப் பிறப்பிக்கும், உரியவரைத் தவிர யாரும் தொட முடியாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் பொதுச் சேமிப்பில் அப்படியே விட்டால் ஒருவர் செய்த விடை இன்னொருவருக்குப் பயன்படாது. அதனால் கோப்பு பிறந்ததும் 0666-இலிருந்து யூமாஸ்க்கைக் கழித்து அனுமதியைத் திருத்தும் வரியைச் சிகேஷின் நிரலில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நிரலில் தேடிப் படித்தபோது, இதை எழுதியவர்கள் எங்களைப் போன்ற ஒரு குழுவை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு மரியாதை வந்தது.

இப்படிப்பட்ட நாட்களில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வது: எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடலாமே. நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன், காரணத்தையும் ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்வேன்.

சேமிப்பில் இருப்பது வெறும் கோப்புகள் அல்ல. நாளைக்கு நம் மென்பொருளில் சேரப்போகும் இயந்திரமொழி. அதில் எழுத முடிகிற எவரும் நம் மூலநிரலைத் தொடாமலே நம் மென்பொருளை மாற்றலாம். மூலநிரலை எத்தனை பேர் சரிபார்த்தாலும் அது கண்ணில் படாது. கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தம் டியூரிங் விருது உரையில் காட்டியது இதற்கு நெருங்கிய உறவு. மூலநிரல் சுத்தமாக இருந்தாலும் அதைக் கட்டும் கருவி கெட்டிருந்தால் விளைவும் கெட்டுத்தான் வரும். பொதுச் சேமிப்பைப் பயன்படுத்தும் அனைவரையும் நம்ப முடிய வேண்டும். 4-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு விடையோடும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்தே இருக்கிறது. அது வட்டு கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்கத்தான். வேண்டுமென்றே மாற்றுபவன் அந்த எண்ணையும் சேர்த்தே மாற்றிவிடுவான். நாங்கள் செய்யும் பெட்டிகள் யார் யார் வீட்டிலோ, கடையிலோ பல வருடங்கள் ஓடப்போகின்றன. அந்த வீடுகளுக்குள் போவதற்கு நாமே கதவைத் திறந்து வைக்கக் கூடாது. 777 போட்டால் சிவப்பு வரி மறையும். அதோடு, யார் பெயரில் என்ன நடந்தது என்று அறியும் வழியும் மறைந்துவிடும்.

இன்னொரு வகைக் கோளாறு இதைவிட அலைக்கழிக்கும். இயந்திரத்தை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், சில நாள் கழித்துத் திரும்ப வரும்.

ஒரு பழைய ஸ்கிரிப்ட், தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தை ஆளுக்குரிய ரன்டைம் கோப்புறைக்குள் வைத்திருந்தது. வேகத்துக்காக அப்படி அமைப்பார்கள். அந்தக் கோப்புறை வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. சிஸ்டம்டி, ஆள் உள்ளே நுழையும்போது அதை உருவாக்கி, அவருடைய கடைசி அமர்வு முடியும்போது அழித்துவிடும். அனுமதி 0700. அதன் பாதை ஒரு சூழல் மாறியில் இருக்கும். ஒரு சகா தன் அமர்வுக்குள்ளேயே சூ கொடுத்து ரூட்டாக மாறி, அவசரத்துக்கு ஒரு மாட்யூலைக் கட்டியிருக்கிறார். ஆள் ரூட் ஆனாலும் சூழல் மாறி பழையபடியே அவருடைய பாதையைக் காட்டிக்கொண்டிருந்தது. ரூட்டுக்குத் தடை ஏது? அவருடைய கோப்புறைக்குள் ரூட்டின் பெயரில் தற்காலிகக் கோப்புறை ஒன்று பிறந்துவிட்டது. ரூட்டிலிருந்து வெளியே வந்து தன் சொந்தப் பெயரில் கட்டப்போனால், தன் இடத்திலேயே தனக்கு எழுத உரிமை இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் நினைவகம் துடைபட்டு எல்லாம் புதிதாகப் பிறக்கும், கோளாறு மறையும். அடுத்த முறை சூ கொடுக்கும்வரை.

அதே ஸ்கிரிப்டைக் கிரான் ஓட்டியபோதும் அதே சிவப்பு வரிதான் வந்தது. காரணம் முற்றிலும் வேறு. கிரானுக்கு லாகின் அமர்வு இல்லை. அமர்வு இல்லாத இடத்தில் அந்தச் சூழல் மாறியும் இல்லை, வெறுமையாக இருந்தது. வெறுமைக்குப் பின்னால் ஸ்கிரிப்ட் தன் கோப்புறைப் பெயரை ஒட்டியதும் பாதை கோப்பு முறைமையின் உச்சியிலேயே போய் நின்றது. அங்கே சாதாரண ஆள் யாராலும் எதையும் உருவாக்க முடியாது. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே பிழைச் செய்தி, இரண்டு தனித்தனி நோய்கள். செய்தியை மட்டும் படித்தவர்கள் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதும் போய்விட்டது என்று நம்பினார்கள். செய்தியில் இருந்த முழுப் பாதையையும் எழுத்து எழுத்தாகப் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் தொலைபேசியில் பாதையை வாசிக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான். சுருக்கிச் சொல்லாதே, முழுசாகப் படி என்பேன்.

சூடோ கொடுத்து மேக் இன்ஸ்டால் ஓட்டுவது எல்லாருக்கும் தெரிந்த பழைய கதை. நிறுவும்போது ஏதோ ஒரு கோப்பு மறுபடி கம்பைல் ஆகும், ரூட்டின் பெயரில் விடை சேரும். உபுண்டு 19.10-க்கு முன்பு வரை சூடோ ஆளின் வீட்டுப் பாதையை மாற்றாமல் விட்டதால், ரூட்டின் கோப்புகள் ஆளின் வீட்டுச் சேமிப்பிலேயே போய் விழுந்தன. இதற்கு மருந்து சிஎச்மோட் அல்ல, சிஎச்ஓன். அனுமதியை அகலப்படுத்த வேண்டாம், உரிமையாளரைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

டாக்கர் வந்த பிறகு இந்தக் கதை வேறு உருவில் திரும்பியது. கன்டெய்னருக்குள் பெரும்பாலும் எல்லாம் ரூட்டாகவே ஓடும். வெளியே உள்ள சேமிப்பை உள்ளே இணைத்தால், உள்ளே எழுதியதெல்லாம் வெளியே 0 என்ற எண்ணுக்குச் சொந்தமாகிவிடும். இன்னும் குழப்பமானது, உள்ளே வேறு ஆளாக ஓடினால். கெர்னலுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். உள்ளே 1000 என்பவர் 'பில்டர்'. வெளியே அதே 1000 முதலில் வேலைக்குச் சேர்ந்த யாரோ ஒருவர். பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு அவரைப் போய்க் கேட்பார்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. இதனால் பட்டியலைப் பெயராக அல்லாமல் எண்ணாகக் காட்டும் தெரிவோடுதான் எப்போதும் பார்க்கச் சொல்வேன். கன்டெய்னரை ஓட்டுபவரின் எண்ணிலேயே ஓட்டினால் இந்த வகை அநேகமாக ஒழிந்துவிடும்.

அனுமதி எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் தடை வந்தால் வேறு பக்கம் பார்க்க வேண்டும். என்எஃப்எஸ்-இல் ரூட்டை யாரோ ஒருவராக மாற்றிவிடும் ஏற்பாடு இருக்கும், அங்கே ரூட்டுக்கே தடை. எஸ்ஈலினக்ஸ் தன் பங்குக்கு மறுக்கும், செய்தி அதேபோல்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு மூலநிரலைக் கட்டுபவர்கள் சந்திப்பது இன்னொன்று: அதன் கட்டுமானக் கூண்டு வெளிக் கோப்புறைகளை வாசிக்க மட்டுமே விடும். அங்கே வரும் பிழை எண் 30, வாசிப்பு மட்டும் என்ற பொருளில். அனுமதித் தடை 13. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு சிஎச்மோட் போட்டுப் பார்ப்பவர்களுக்கு எந்தப் பலனும் கிடைக்காது. எஸ்ட்ரேஸ் போட்டு எந்த அழைப்பு எந்த எண்ணோடு திரும்பியது என்று பார்த்துவிட்டால் வாதமே இல்லை. பாதையில் எந்தப் படியில் கதவு மூடியிருக்கிறது என்று பார்க்க நேம்ஐ என்ற சிறு கருவி போதும். பலருக்கு அது தங்கள் இயந்திரத்தில் இருப்பதே தெரியாது.

சென்ற மாதம் அந்தத் தங்கச்சி மறுபடி அழைத்தாள். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனைப் பொதுச் சேமிப்பின் குழுவில் சேர்த்துவிட்டாள். முறையாகத்தான் சேர்த்திருக்கிறாள். ஆனாலும் அவனுக்குத் தடை.

"அண்ணே, ஐடி போட்டுப் பாத்தேன். குரூப்ல இருக்கான்."

"பேரு போட்டுக் கேட்டியா, பேரு இல்லாமக் கேட்டியா?"

"பேரு போட்டுத்தான்."

பெயரைக் கொடுத்துக் கேட்டால் பயனர் பட்டியலைப் பார்த்துப் பதில் வரும். பெயரில்லாமல் கேட்டால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லிடம் என்னென்ன குழுக்கள் இருக்கின்றன என்று வரும். குழு உறுப்புரிமை உள்ளே நுழையும்போது ஒருமுறை கைக்கு வருவது. அந்தத் தம்பி டிமக்ஸ் அமர்வு ஒன்றை முதல் நாளிலிருந்தே திறந்து வைத்திருந்தான். அதற்குள் திறந்த ஒவ்வொரு ஷெல்லும் சேர்ப்பதற்கு முந்தைய நிலையையே சுமந்துகொண்டிருந்தது. எஸ்எஸ்எச்சை மூடித் திறந்தும் பலனில்லை, பழைய டிமக்ஸுக்கே திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தான். டிமக்ஸ் சர்வரையே நிறுத்திவிட்டு மறுபடி உள்ளே வரச் சொன்னேன். பெயரில்லாமல் கேட்டபோது குழு வந்தது, கட்டுமானமும் ஓடியது. புதியவர்களைக் குழுவில் சேர்ப்பதற்கான எங்கள் குறிப்பில் அந்தப் படியை அன்றே அவள் எழுதிச் சேர்த்துவிட்டாள்.